ஓரம் சுருளும் மஃப்ளர்

சித்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் உல்லன் நூலும் ஊசியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாராம். பக்கத்தில் உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை. “எங்கள் ஊருக்கு எதற்கம்மா ஸ்வெட்டர் என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் பேரனுக்குப் பின்னுகிற மஃப்ளர் இரண்டு பக்கமும் உள்ளே சுருண்டு குழாயாகிவிடுகிறது. இஸ்திரி போட்டும் அடங்கவில்லை. என் கையில் கோளாறா, நூலில் கோளாறா சார்?” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டிலும் இல்லை அம்மா. கோளாறே இல்லை. அதைச் சொல்வதற்கு முன் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை.

சித்தூரில் மே மாத வெயிலைப் பார்த்தவர் ஸ்வெட்டரைக் கண்டு சிரிப்பது நியாயம்தான். ஆனால் அந்த வட்டாரம் ஒரே மட்டத்தில் இல்லை. சித்தூர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குச் சற்று மேலே. மதனப்பள்ளி அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். அதையும் தாண்டிப் போனால் ஹார்ஸ்லி மலை, 4,000 அடிக்கு மேல். திருமலை 853 மீட்டர். மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழ்த்திருப்பதியில் பஸ் ஏறியவர் திருமலையில் இறங்கும்போது நாலைந்து டிகிரி குறைந்திருக்கும். அதிலும் மார்கழி விடியற்காலை என்றால், கூடவே மலைக்காற்று. இந்த நிலையில்தான் நம் ஆட்கள் கல்யாணகட்டாவில் போய் இருக்கிற முடியையும் கொடுத்துவிட்டு, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. பெரியவர்களுக்கு உடம்பின் மொத்தப் பரப்பில் தலை பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. போகிற சூடும் ஏறக்குறைய அந்த அளவில்தான். கைக்குழந்தைக்கு மட்டும் உடம்புக்குத் தலை பெரிது, அதனால் கணக்கு மாறும். ஆனால் முடியிறக்கிய, ஈரம் காயாத தலையில் காற்று படும்போது இந்த விகிதக் கணக்கெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? திருமலைக் கடைகளில் குல்லாய் தொங்குவது சும்மா இல்லை.

அந்தக் குல்லாயை ஒருமுறை கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நகரியிலோ ஏகாம்பரகுப்பத்திலோ தறியில் ஓடும் துணிக்கும் இதற்கும் உறவே கிடையாது. தறித் துணியில் நூறு நூறாகப் பாவு இழைகள் நீளவாக்கில் விறைத்து நிற்கும், ஊடை குறுக்கே போகும். எல்லா நூலும் நேர்கோடு. பின்னலில் நேர்கோடே இல்லை. ஒரே நூல் வளைந்து ஒரு கண்ணி ஆகிறது, அந்தக் கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணி எட்டிப் பார்க்கிறது, அதற்குள்ளிருந்து அடுத்தது. எங்கும் முடிச்சு கிடையாது. நூலுக்கு நீளும் குணம் அதிகம் இல்லாவிட்டாலும் துணி தாராளமாக நீளும், ஏனென்றால் நீள்வது நூல் அல்ல. படுத்திருந்த கண்ணி எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான். வேட்டியை நீளவாக்கிலோ குறுக்கேயோ இழுத்தால் அவ்வளவாகக் கொடுக்காது. பனியன் தலைவழியே இறங்குகிறது. காரணம் இதுவே.

இப்போது சுருளும் ஓரத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் சொந்த மோகமும் உண்டு என்பதால் கொஞ்சம் நீட்டத்தான் செய்வேன்.

நீங்கள் முன்பக்கம் முழுக்க நிட், திருப்பிப் பின்பக்கம் முழுக்க பர்ல் என்று பின்னியிருப்பீர்கள். முன்பக்கம் அழகாக ‘வி’ வரிசையாகத் தெரியும். பின்பக்கம் சின்னச் சின்ன மேடுகளாக இருக்கும். ஒரே ஒரு கண்ணியின் பாதையை மட்டும் விரலால் தொடர்ந்து பாருங்கள். அதன் அடி துணிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு கால்களும் முன்னால் வந்து மேலே ஏறுகின்றன. தலை மறுபடி பின்னால் போய்விடுகிறது. அதாவது மேலிருந்து கீழாகப் பார்த்தால் நூல் முன்பக்கம் புடைத்த ஒரு வில். பக்கவாட்டில் பார்த்தால் கதை தலைகீழ்: கால்கள் முன்னால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வளைவு பின்னால்; எனவே பின்பக்கம் புடைத்த வில்.

சின்ன வயதில் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, வளைத்து நூல் கட்டி வில் செய்து விளையாடியிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். கட்டிய நூலை அறுத்தால் ஈர்க்கு விசுக்கென்று நிமிரும். மஃப்ளரில் இருக்கிற ஒவ்வொரு கண்ணியும் நிமிரக் காத்திருக்கும் ஈர்க்குதான். துணியின் நடுவில் இருப்பதை அக்கம்பக்கத்துக் கண்ணிகள் பிடித்துவைத்திருக்கின்றன. ஓரத்தில் பிடிக்க ஆள் இல்லை. மேலும் கீழும் உள்ள ஓரங்களில் நிமிர்கிற நூல் துணியை முன்பக்கம் தள்ளும். இடமும் வலமும் உள்ள ஓரங்களில் பின்பக்கம் தள்ளும். உங்கள் மஃப்ளரின் நீண்ட ஓரங்கள் மேடு தெரிகிற பக்கமாகத்தானே சுருள்கின்றன? குட்டை ஓரங்கள் எதிர்ப்பக்கமாகச் சுருளும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் இதைப் பார்க்கலாம். பழைய பனியன் ஒன்றின் அடி மடிப்பைக் குறுக்காக வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். வெளிப்பக்கமாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். திருப்பூர் பனியன் துணியும் உங்கள் மஃப்ளரும் ஒரே பின்னல். ஒன்றில் நூல் மெலிசு, மற்றதில் தடி.

இனி பரிகாரம். இஸ்திரிப் பெட்டியை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அசல் கம்பளியாக இருந்தால் நனைத்து, விரித்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் ஓரளவு அடங்கும். சில நாளில் பழைய குணம் தலைதூக்கும். கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் சூடு ஏறினால் நூல் துவண்டு போகும், பிறகு எழாது. இன்னும் ஏறினால் உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும். சரியான வழி, எதிர்க்குணம் உள்ள கண்ணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்பது. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று வரிசை முழுக்கப் போனால் ஒன்று முன்னால் தள்ளும்போது பக்கத்து வீடு பின்னால் தள்ளும், துணி தட்டையாக நிற்கும். கூடவே ரப்பர் போல் இழுபடவும் செய்யும். குல்லாயின் காது ஓரம், ஸ்வெட்டரின் மணிக்கட்டு, சாக்ஸின் மேல் விளிம்பு எல்லாம் இந்தப் பின்னல்தான். நிறையப் பின்னிவிட்டதால் பிரிக்க மனமில்லை என்றால், சுருளுகிற வழிக்கே விட்டுவிட்டு இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். இரட்டை மடிப்பு மஃப்ளர். நடுவில் காற்று நிற்கும், இன்னும் கதகதப்பு. பேரனுக்கு யாரும் விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இதையெல்லாம் இயற்பியலாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள் என்றால் வீட்டுக்காரர் நம்புவாரா? அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர் பின்னலையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரே பின்னுகிறவர். நீளாத நூலை வைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு நீளும் துணியை எப்படிக் கணக்கிட்டுச் செய்வது என்பது அவர் கேள்வி. நம் வீட்டுப் பெரியம்மாக்கள் மணிக்கட்டுக்கு ஒரு பின்னல், தோளுக்கு ஒரு பின்னல் என்று மாற்றிப் போட்டது அந்தக் கணக்கின் கைவிடை.

இத்தனைக்கும் இது நெசவு அளவுக்குப் பழைய கலை அல்ல. நெசவுக்குப் பல ஆயிரம் ஆண்டு வயது. இன்று நாம் பார்க்கக்கூடிய பழைய ஊசிப் பின்னல்கள் எகிப்தில் கிடைத்தவை, சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பருத்தி சாக்ஸ்கள். ஐரோப்பாவில் இது ஆண்களின் தொழிலாகச் சங்கம் வைத்து நடந்த காலம் உண்டு. 1589இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பின்னும் சட்டகம் ஒன்றைச் செய்தார். எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்தார். கையால் பின்னிப் பிழைக்கிறவர்கள் பிச்சையெடுக்க வேண்டிவரும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. ராணி தடுத்து என்ன ஆயிற்று! இன்று திருப்பூரில் 30 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 ஊசி உள்ள ஒரு வட்டப் பின்னல் மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் ஒரே நேரத்தில் குதிக்கின்றன. ஒவ்வொன்றும் செய்வது உங்கள் கை செய்யும் அதே வேலைதான்: பழைய கண்ணிக்குள்ளிருந்து புதுக் கண்ணியை இழுப்பது.

நம் ஊரில் இந்தக் கலை வெள்ளைக்காரர் வழியாக வந்தது. பள்ளிக்கூடத் தையல் வகுப்பு, மாதர் சங்கம் என்று பரவி, 1962 சீனப் போரின்போது நாடு முழுக்கப் பெண்கள் ஜவான்களுக்காக ஸ்வெட்டர் பின்னினார்கள். குளிரே தெரியாத ஊர்களில் உட்கார்ந்து, பார்த்தேயிராத பனிமலைக்காகப் பின்னியவர்கள். அந்தத் தலைமுறையின் கை இன்று ஓய்ந்துவிட்டது. அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க நாம் மெனக்கெடவில்லை. “பொம்பளைங்க பொழுதுபோக்கு” என்று ஒதுக்கினோம். இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு முப்பரிமாண வடிவம் ஒன்றை வெட்டாமல், தைக்காமல் வளர்த்தெடுப்பதைப் பொழுதுபோக்கு என்கிறவர்கள், ஒரு சாக்ஸின் குதிகாலைத் திருப்பிக் காட்டட்டும்.

நூல் விஷயத்திலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். சித்தூர்ப் பக்கம் மேய்வது பெரும்பாலும் நெல்லூர் இனத்து ஆடு. நெடுநெடுவென்று உயரம், உடம்பில் குட்டை மயிர், கம்பளி கிடையாது. வடக்கே தெலங்கானாவில் தக்காணி ஆட்டின் கறுப்புக் கம்பளியில் கொங்கடி என்ற போர்வை நெய்கிறார்கள். அது கரடுமுரடு, மழைக்கும் குளிருக்கும் தாங்கும், கழுத்தைச் சுற்றினால் குத்தும். ஆகவே பின்னுவதற்கு மெல்லிய கம்பளி வெளியிலிருந்து வர வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அந்த இடத்தில் அக்ரிலிக் வந்து உட்கார்ந்துவிட்டது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. உறிஞ்சும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியிடும். அக்ரிலிக்குக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அது பெட்ரோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016இல் அளந்து பார்த்தார்கள்: 6 கிலோ அக்ரிலிக் துணியை மெஷினில் ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கு மேல் நுண்ணிழைகள் தண்ணீரோடு போகலாம் என்று கணக்கு வந்தது.

திருமலையில் 2022 ஜூன் முதல் பிளாஸ்டிக்குக்கு முழுத் தடை. தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டுப் பயபக்தியோடு ஏறுகிறோம். மேலே போய், கம்பளியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின் புரதத்தால் ஆன நம் சொந்த முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக்கை மாட்டிக்கொண்டு இறங்குகிறோம். குல்லாய் வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை. குளிரில் குழந்தை நடுங்கும்போது யாரும் இழையின் பூர்வீகம் விசாரிக்கப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வாங்கி, ஊருக்கு வந்ததும் பீரோ அடித்தட்டில் போட்டு மறக்கிறோமே, அதுதான் உறுத்துகிறது. அடுத்த முறை கிளம்பும்போது துண்டோடு சேர்த்து அதையும் பையில் வைத்தால் என்ன?

கையால் பின்னிய பழைய ஸ்வெட்டர் வீட்டில் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். முன்பெல்லாம் பிள்ளை வளர்ந்துவிட்டால் அதைப் பிரித்து, அந்த நூலிலேயே வேறு அளவில் பின்னுவார்கள். முடிச்சில்லாத பின்னல் என்பதால் இது நடக்கிறது. மெஷின் துணியை வெட்டித் தைத்த ஸ்வெட்டராக இருந்தால் நடக்காது. தையலைப் பிரித்து ஓரத்தைப் பாருங்கள், வெட்டிய ஓரம் என்றால் வரிசைக்கு வரிசை துண்டு துண்டாகத்தான் நூல் வரும். ஓரத்தில் கண்ணி தானாகத் திரும்பியிருந்தால் பிரிக்கலாம். நூலை நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே வாருங்கள். சுற்றியதை இரண்டு மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, அடியில் லேசாக ஏதாவது கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கம் நிமிரும். தொடங்கும் இடம் மட்டும் முக்கியம். பெரும்பாலான ஸ்வெட்டர்கள் இடுப்பில் கண்ணி ஏற்றித் தோளில் மூடப்பட்டவை. எனவே தோளில் மூடிய இடத்தைத் தேடி அங்கிருந்து இழுங்கள். இடுப்புப் பக்கத்திலிருந்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூலை நுழைத்து நுழைத்து எடுக்க வேண்டிவரும், பொங்கல் வந்தாலும் முடியாது.