நம் காவலரை நாமே தளர்த்தலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் ஈரத்தில் நின்று உழைப்போரைச் சேற்றுப்புண் எளிதில் பற்றுகிறது. அதனை விளைவிப்பது பூஞ்சை. நம் இரத்த வெள்ளையணுக்கள், பூஞ்சையின் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலியால் அதனை இனங்கண்டு விழுங்குகின்றன. நீண்ட இழைகளை வலைவீசிச் சிதைக்கின்றன.

கட்டுப்படாத நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் இக்காவலரைத் தளர்த்துகின்றன. 2021இல் கொரோனாவை அடுத்துக் கறுப்புப் பூஞ்சை நோய் பலரது கண்ணையும் உயிரையும் பறித்தமைக்கு இவ்விரண்டும் முக்கிய காரணங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2019இலேயே, தம்மிடம் 10 ஆண்டுகளில் வந்த இந்நோயாளருள் பெரும்பாலோர் நீரிழிவுடையோர் என வெளியிட்டிருந்தனர்.

ஆகவே அன்பர்களே, வேலை முடிந்ததும் விரலிடுக்குகளைக் கழுவி ஈரம் போகத் துடைப்போம். அரிப்புக்கென்று ஸ்டீராய்டு களிம்பை நாமே கடையில் வாங்கிப் பூசாதிருப்போம். புண் ஆறாவிடில் மருத்துவரிடம் சென்று சர்க்கரையையும் சோதித்துக்கொள்வோம்.