விழுகிற குதிரைவீரன்

கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டுத் தெற்கே புறப்பட்டால், பத்துக் கிலோமீற்றருக்குள் கந்தரோடை வந்துவிடும். அந்த ஊர் மண்ணின் பழமையை ஆய்வாளர் போல் ஈ. பீரிஸ் 1917இலும் 1919இலும் கட்டுரைகளாக எழுதினார். முத்திரைக் காசுகளும் இலட்சுமி உருவம் கொண்ட நீள்சதுரத் தகடுகளும் கிடைத்த அதே மண்ணில் ரோமக் காசுகளும் இருந்தன.

ரோமக் காசு என்றதும் மிளகுக்கு விலையாக வந்த பொன்தான் பலருக்கு நினைவில் எழும். இலங்கையில் அதிகம் அகப்படுபவையோ கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் வெண்கலச் சில்லறை. பல, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. அவ்வளவு சின்ன வட்டத்துக்குள் ஒரு போர்க்களத்தையே அடக்கியிருக்கிறார்கள்.

கி.பி. 348 அளவில் வெளிவரத் தொடங்கிய ஒரு வகையைப் பாருங்கள். தலைப்பக்கத்தில் முத்துப்பட்டம் கட்டிய பேரரசன் இரண்டாம் கொன்ஸ்தாந்தியஸ். பூப்பக்கத்தில் கேடயம் ஏந்திய ரோம வீரன் ஈட்டியை ஓங்குகிறான்; அவன் முன்னே குதிரை முன்னங்கால் மடிந்து சரிகிறது; அதன் மேலிருந்தவன் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டுகிறான். சுற்றிலும், நல்ல காலம் திரும்பிவிட்டது என்று லத்தீனில் சுருக்கெழுத்து. உண்மையில் இந்த அரசன் பாரசீகத்தோடு ஆண்டுக்கணக்காகப் பொருதியும் முடிவான வெற்றி காணவில்லை. களத்தில் கிட்டாததை அக்கசாலையில் அடித்துக்கொண்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நூற்றாண்டின் கடைசியில் வந்த இன்னும் சிறிய காசுகளில் வெற்றித் தேவதையே கைதியை இழுத்துச் செல்கிறாள். பக்கத்தில் கிறிஸ்தவக் குறி. பழைய தெய்வமும் புதிய சமயமும் ஒரே காசில்!

இங்கே அந்த எழுத்தைப் படித்தவர்கள் அரிதாகவே இருந்திருப்பர். சந்தையில் சில்லறை தேவைப்பட்டது, காசு ஓடியது. போதாதபோது இத்தீவிலேயே போலிகளும் செய்தார்கள். அவற்றில் உருவம் ஓரளவு தங்கியது, எழுத்து வெறும் கீறல்களாயிற்று.

தோட்டம் கொத்தும்போது பச்சைக் களிம்பு பிடித்த காசு அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உப்புக்காற்று வீசும் இந்தக் கரையோரத்தில் குளோரைட்டு வெண்கலத்தை ஏற்கனவே அரித்திருக்கும். உருவத்தின் நுண்கோடுகள் பெரும்பாலும் அந்தக் களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கும். தேய்த்தால் அடிவிளிம்பில் உள்ள அக்கசாலைக் குறியும் போய்விடலாம். காசு அந்தியோக்கியாவில் அடித்ததா, அலெக்சாந்திரியாவில் அடித்ததா என்று காட்டுவது அந்த இரண்டு மூன்று எழுத்துகள்தான்.