சாதுவான முயல் ஏன் திடீரென மாறுகிறது?

சமண மடத்தால் பெயர் பெற்ற மேல்சித்தாமூரில், சித்திரை மாதத்து அதிகாலை ஒன்றில் பஜ்ர் தொழுகை முடித்து வீடு திரும்பினேன். வாசலிலேயே என் இளைய மகள் அழுதுகொண்டு நின்றாள். "அத்தா, முயலைப் பாருங்களேன், ஒரே பக்கமாகச் சுற்றுகிறது!" என்றாள். கூண்டினுள் எங்கள் சாம்பல் நிற முயல் தலையை இடப்பக்கம் சாய்த்தபடி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. தொட முயன்ற என் மகனைக் கடித்தும் விட்டது. அண்டை வீட்டுப் பெரியம்மா, "ஜின்னின் வேலையாக இருக்கும், ஓதித் தண்ணீர் தெளியுங்கள்" என்றார். மதரஸா ஆசிரியன் வீடல்லவா, அப்படிச் சொல்லுவது இயல்பே!

அந்த முயல் 'சோவியத் சின்சில்லா' என்னும் இனம். உண்மையான சின்சில்லா தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வாழும், எலியினத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. அதன் உரோமத்தைப் போன்ற சாம்பல் நிறம் கொண்டதால் இம்முயலுக்கும் அப்பெயர் வந்தது. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தை வளர்த்து வந்திருக்கிறது. மலைக்குளிருக்கு ஏற்ற அவ்வுயிரைச் செஞ்சிப் பாறைகளின் அனலில் வளர்க்க முற்பட்டவர்கள் நாம்.

கால்நடை மருத்துவர் முயலின் காதை விரித்துக் காட்டினார். உள்ளே பழுப்பு நிறப் பொருக்கு அடையடையாகப் படிந்திருந்தது. கண்ணுக்கு எளிதில் தெரியாத சொறிப்பூச்சிகள் காதினுள் பெருகி, புண் உட்செவி வரை இறங்கிவிட்டதாம். உடலின் சமநிலையைக் காப்பது உட்செவியே. அது கெட்டால் தலை சாயும், கால் தடுமாறும். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் ஒரு நுண்ணுயிரியாலும் இதே தோற்றம் உண்டாகலாம் என்றும் அவர் விளக்கினார்.

முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. வலியை மறைத்துக்கொள்வதே அதன் இயல்பு. ஆகவே நாம் 'திடீர்' என்று எண்ணுவது பெரும்பாலும் பல நாள் நோயின் கடைசி அடையாளம். அதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. புல்லை அரைத்து அரைத்தே அவை தேய வேண்டும். அரிசியும் பிஸ்கட்டும் தின்று வளரும் முயலுக்குப் பல் நீண்டு கன்னத்திலும் நாவிலும் குத்தும். பசியோடு தீனியருகே வரும். முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். அரைநாள் எதுவும் தின்னாமல் புழுக்கையும் போடாதிருந்தால் அதன் குடல் நின்றுவிடுகிறது என்று பொருள். மறுநாள் பார்ப்போம் என்று இருக்கலாகாது.

35 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் முயல் வாயைத் திறந்து மூச்சிரைத்து, வலிப்பு கண்டு சாயும். தகரக் கூரையின் கீழ்க் கூண்டு வைப்பவர்கள் இதை நினைவில் கொள்க. காதுகளை ஈரத்துணியால் துடைக்கலாம். பனிக்கட்டி நீரில் அமிழ்த்தலாகாது. பூசணம் பிடித்த மணிலாப் பிண்ணாக்கின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நாய்க்கு உண்ணி போக்கத் தடவும் ஃபிப்ரோனில் மருந்தோ முயலுக்கு வலிப்பையே வரவழைக்கும். காதைப் பிடித்துத் தூக்கும்போது அது உதைத்துக்கொண்டால் முதுகெலும்பு முறிந்து பின்னங்கால்கள் இழுபடும்.

சில மாற்றங்கள் நோயே அல்ல. பெண் முயல் தன் மார்பு மயிரைப் பிடுங்கிக் குவித்தால் குட்டி ஈனக் கூடு கட்டுகிறது. சினையாகாமலே சினைபோல நடந்துகொள்வதும் உண்டு. ஆசனவாயிலிருந்து மென்மையான புழுக்கையை எடுத்துத் தின்பதைக் கண்டு அருவருக்க வேண்டாம். அச்சத்து அதற்கு அவசியம்.

இங்கே என் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். இதற்கு முன் வளர்த்த வெள்ளை முயல் ஒருமுறை பல்லை நறநறவெனக் கடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. வீட்டில் மிச்சமிருந்த குழந்தையின் அமாக்சிசிலின் மருந்தில் சில சொட்டுகளை ஊட்டினேன். மூன்றாம் நாள் கழிச்சல் கண்டு இறந்தது. பல் கடித்தது வயிற்று வலியால். அதைக் கொன்றது பெரும்பாலும் என் மருந்துதான். வாய்வழி கொடுக்கப்படும் பெனிசிலின் வகை மருந்துகள் முயலின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சு சுரக்கும் கிருமிகளுக்கு இடம் தந்துவிடும். சின்சில்லாவுக்கும் அப்படியே. இதை மருத்துவர் சொன்னபோது மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க என்னால் இயலவில்லை.

மருத்துவரிடம் செல்லும்போது கடைசியாக எப்போது தின்றது, என்ன தீனி, என்ன மருந்து தடவினீர்கள், நாய் கடித்ததா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். நாய் கடித்த முயல் மாறி நடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அது மனிதரைக் கடித்திருந்தால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழகத்தில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும் எண் 1962.

எங்கள் சாம்பல் முயலுக்கு இரண்டு வார இடைவெளியில் ஊசிகள் போடப்பட்டன. வேலிமசால் தழையை இப்போது ஆவலோடு தின்கிறது. தலை மட்டும் ஒரு விரற்கடை சாய்ந்தே இருக்கிறது. "அது யோசிக்கிறது அத்தா" என்கிறாள் மகள்.