அண்ணாமலை அடிவாரத்தில் காத்திருந்த குடும்பம்
ஜப்பான் கப்பல் படை வங்கக் கடலில் புகுந்த கதை

அடி அண்ணாமலைக்கும் கடலுக்கும் வெகுதூரம்.

திருவண்ணாமலை மலையின் மேற்குப் பக்கத்தில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கிறது இந்தச் சிற்றூர். பழைய சிவன் கோவில் ஒன்று உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுதான் என்று சொல்வார்கள். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிக்குப் போகவேண்டும். அது சுமார் 100 கிலோமீட்டர்!

இந்த மலைக்கும் கப்பல் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. கிரிவலம் வருகிறவர்கள் ரமணாசிரமத்தைத் தாண்டித்தான் அடி அண்ணாமலைக்கு வருவார்கள். அந்த மலை அடிவாரத்தில், 1941-ம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்து தங்கியது. தாய் ஒருத்தி. சின்னஞ்சிறு குழந்தைகள் மூவர்.

தாயின் பெயர் லூசியா. போலந்து நாட்டில் பிறந்தவர். அவருடைய கணவர் ஆர்தர் ஆஸ்பர்ன் இங்கிலாந்துக்காரர். சயாம் நாட்டின் தலைநகரான பாங்காக்கில், சூலலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துவந்தார். விடுமுறையில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார். மனைவி மக்கள் திருவண்ணாமலையில் தங்கினார்கள். ஆஸ்பர்ன் மட்டும் வேலைக்குத் திரும்பினார்.

சில மாதங்களில் மீண்டும் சந்திக்கலாம் என்ற எண்ணம். நடந்ததோ வேறு!

மூண்டது போர்

1941 டிசம்பர் 7. அமெரிக்காவின் முத்துத் துறைமுகத்தை ஜப்பான் விமானங்கள் திடீரென்று தாக்கின. ஏறக்குறைய அதே நேரத்தில் ஜப்பான் படைகள் சயாமிலும் மலேயாவிலும் இறங்கின.

சயாம் சில மணி நேரமே சண்டை போட்டது. பிறகு பணிந்தது. அதே மாதத்தில் ஜப்பானுடன் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1942 ஜனவரி 25-ந் தேதி பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர்ப் பிரகடனம் செய்தது.

இதில் ஒரு வேடிக்கை. வாஷிங்டனில் இருந்த சயாம் தூதர் சேனி பிரமோஜ், தம் நாட்டு அரசின் போர்ப் பிரகடனத்தை அமெரிக்காவிடம் கொடுக்க மறுத்துவிட்டார்! அமெரிக்காவும் பிறகு சயாமை எதிரி நாடாக நடத்தவில்லை. ஒரு தூதர் ஒரு காகிதத்தைக் கொடுக்காமல் விட்டதில் இவ்வளவு லாபம்.

ஆனால் பாங்காக்கில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அதனால் விடுதலை கிடைக்கவில்லை. அவர்களைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். ஆஸ்பர்னும் அகப்பட்டார்.

கணவர் பாங்காக் காவலில். மனைவி மக்கள் அண்ணாமலை அடிவாரத்தில். இடையே கிடந்த வங்கக் கடலும் போர்க்களமாக மாறத் தொடங்கியது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். மார்ச் 23-ல் அந்தமான்.

பர்மா அரிசி வருவது நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த தமிழ்நாட்டில் அரிசிக்குப் பஞ்சம் வந்தது. பின்னால் ரேஷன் வந்தது. கப்பலையே பார்க்காத ஊர்களிலும் அடுப்படி வரைக்கும் போர் வந்துவிட்டது!

மிதக்கும் விமான நிலையங்கள்

ஏப்ரல் மாதம் ஜப்பான் கப்பல் படை இந்து மகா சமுத்திரத்தில் புகுந்தது. தளபதி நகுமோ. முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி! அவரிடம் விமானம் தாங்கிக் கப்பல்கள் ஐந்து இருந்தன. விமானம் தாங்கிக் கப்பல் என்றால் மிதக்கும் விமான நிலையம். அதன் தட்டிலிருந்து விமானங்கள் கிளம்பும், குண்டு போடும், திரும்பிவந்து அதிலேயே இறங்கும்.

ஏப்ரல் 4-ந் தேதி கனடா நாட்டு விமானி பர்ச்சால், இலங்கைக்குத் தெற்கே ரோந்து போனார். கீழே வரிசை வரிசையாகக் கப்பல்கள். உடனே கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பான் விமானங்கள் அவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தின. அவர் பிழைத்தார், கைதியானார். ஆனால் செய்தி இலங்கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அங்கொடை மனநோய் மருத்துவமனை மீதும் விழுந்தது. அதே நாளில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. 424 பேர் மாண்டனர். மற்றவர்கள் ஒரு நாளுக்கு மேல் கடலில் மிதந்து தவித்தனர். 1,122 பேர் மீட்கப்பட்டனர்.

ஏப்ரல் 6-ல் வேறொரு ஜப்பான் படைப் பிரிவு விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. இரண்டும் அப்போது சென்னை மாகாணத்து ஊர்கள். ஏப்ரல் 9-ல் திரிகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது.

சென்னை காலியானது

“ஜப்பான்காரன் வந்துவிட்டான்!” என்பதே சென்னையில் பேச்சு.

முக்கிய வேலை இல்லாதவர்கள் நகரை விட்டுப் போய்விடலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. அவ்வளவுதான். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலடிக்கு ஓடினார்கள். கட்டைவண்டிகளில் போனார்கள்; நடந்தும் போனார்கள். பல வீடுகளில் பூட்டுத் தொங்கியது. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின.

மிருகங்களும் தப்பவில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே அப்போது மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்று பயந்து அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். பாவம், அந்த வாயில்லா ஜீவன்கள்! சென்னையில் குண்டு விழும் முன்பே துப்பாக்கிக்கு இரையானவை அவைதான்.

அப்படி ஓடிய ஜனங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இலங்கையில் படையை இறக்கலாம் என்று ஜப்பான் கப்பல் படையினர் யோசனை சொன்னது உண்மை. ஆனால் அதற்குத் தரைப்படை வேண்டுமே! ஜப்பானில் தரைப்படைத் தலைவர்களுக்கும் கப்பல் படைத் தலைவர்களுக்கும் ஒத்துப்போகாது. இரு தரப்பையும் அடக்கி உத்தரவு போட ஆள் இல்லை. “சீனாவிலும் மஞ்சூரியாவிலும் எங்களுக்கு வேலை இருக்கிறது; ஆள் கொடுக்க முடியாது” என்பது தரைப்படையின் நிலை. யோசனை கைவிடப்பட்டது.

நகுமோ வந்த காரியம் வேறு. பிரிட்டிஷ் கப்பல் படையை அடித்து நொறுக்கவேண்டும். பர்மாவுக்குப் போகும் கடல் வழியைக் காக்கவேண்டும். அவர் கப்பல்களில் இந்தியாவில் இறங்குவதற்குப் படை இல்லை. திரிகோணமலையைத் தாக்கிய கையோடு அவர் கிழக்கே திரும்பிவிட்டார்.

வராத படைக்குப் பயந்து ஒரு மாநகரம் காலியாயிற்று! ஆனால் ஜனங்களைக் குறை சொல்ல முடியுமா? சிங்கப்பூர் விழாது என்றும் அரசாங்கம்தானே சொல்லியிருந்தது?

நகுமோவின் வெற்றி நீடிக்கவில்லை. இரண்டே மாதம். ஜூன் மாதம் பசிபிக் கடலில் மிட்வே தீவுக்கு அருகே அமெரிக்க விமானங்கள் அவருடைய படையைத் தாக்கின. ஜப்பானின் நான்கு விமானம் தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. அவற்றில் மூன்று, கொழும்பைத் தாக்க வந்தவை.

பிள்ளையின் வேண்டுதல்

அண்ணாமலை அடிவாரத்தில் லூசியா காத்திருந்தார். அவருக்குப் போக வேறு இடமும் இல்லை. பிறந்த நாடான போலந்து 1939-லேயே ஜெர்மனியின் கையில் சிக்கிவிட்டது.

பிள்ளைகள் ஊரோடு ஒன்றிப்போனார்கள். மகன் ஆடம் தமிழ் பேசிப் பழகினான். அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்று அந்தச் சிறுவன் ரமண மகரிஷியிடம் கேட்டானாம். மகரிஷி புன்னகையோடு தலையசைத்தாராம். குடும்பத்தினர் பின்னாளில் சொன்ன சேதி இது.

1943, 1944 என்று ஆண்டுகள் ஓடின. மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆஸ்பர்ன் காவலில் இருந்தார்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. அப்போதும் ஜப்பான் மந்திரிகளிடையே சண்டையை நிறுத்துவதா வேண்டாமா என்று வாதம். கடைசியில் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ தலையிட்டார். ஆகஸ்ட் 15-ந் தேதி அவருடைய குரல் வானொலியில் கேட்டது. ஜப்பான் சரண் அடைந்தது.

பாங்காக் காவல் முகாமின் கதவு திறந்தது.

அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஆஸ்பர்ன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். 1939-ல் பிறந்த ஆடமுக்கு அப்போது ஆறு வயது.

பிறகும் அந்தக் குடும்பத்துக்கு இந்த மலையோடு தொடர்பு நீடித்தது. ஆஸ்பர்ன் ரமணரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1964 ஜனவரியில் ‘மவுண்டன் பாத்’ என்ற பத்திரிகையை ஆசிரமத்தில் தொடங்கினார். 1970-ல் காலமானார்.

ஆடம் வளர்ந்து அமெரிக்கா போனார். 1981-ல் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றார். கடைசிக் காலத்தில் உடல் நலிந்தபோது தமிழ்நாட்டுக்கே திரும்பினார். 2003-ல் கொடைக்கானலில் அவர் உயிர் பிரிந்தது.