ஞானப் பெற்றோர் காட்டும் வழி

அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போன மூதாதையரைத் தேடுவோர், 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததோடு எல்லாம் போயிற்று என்று சோர்ந்துவிடுகிறார்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளோ அந்தந்தப் பங்குக் கோயிலிலேயே இருந்ததால் தப்பின. ஆனால் மேற்குப் பகுதியில் பல ஏடுகள் 1820களுக்குப் பிறகே தொடங்குகின்றன; நடுவே சில ஆண்டுகள் விடுபட்டும் இருக்கும். ஆகவே ஒருவரைத் துரத்துவதைவிட, அவரைச் சூழ்ந்தவர்களைத் தேடுவதே பலன் தரும். பாட்ரிக் என்பதை ‘பாட்ரிசியஸ்’ என்று லத்தீனில் எழுதிய ஞானஸ்நானக் குறிப்பில் ஞானப் பெற்றோர் பெயரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் உறவினர் அல்லது அண்டை வீட்டார்.

ஊருக்குப் பத்து பாட்ரிக் மர்ஃபி இருப்பாரே என்று கேட்கலாம். நியாயந்தான், ஒற்றைப் பெயர் எதையும் நிரூபிக்காது. ஆனால் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் ஞானப் பெற்றோர் இருவரின் பெயர்களும் ஒரே பங்கில் சேர்ந்து வந்தால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.