ஓர் உயிரணுவில் இரு வைரஸ்கள்

ஓர் உறையில் இரு வாள்கள் இரா என்பது நம் நாட்டுப் பழமொழி. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர் உலகிலும் இஃது ஓரளவு மெய்யாகின்றது. வைரஸ் தானே பெருகும் ஆற்றல் அற்றது. உயிரணுவினுட் புகுந்து, அவ்வணுவின் கருவிகளைக் கொண்டே பெருகுவது. ஆதலின், கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்பெற்ற விலங்கணுக்களில் இரு வைரஸ்கள் ஒருங்கே குடிபுகின் விளைவது யாது?

பல வேளைகளில் முன்வந்தது பின்வந்ததைத் தடுக்கும். இதன் காரணங்களுள் ஒன்றை 1957-ஆம் ஆண்டில் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர் வெளிப்படுத்தினர். வெப்பத்தால் வலியிழந்த இன்புளுவென்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வுடன் சேர்த்து வைக்க, அச்சவ்வினின்று ஒரு பொருள் சுரந்தது. அப்பொருள் கலந்த நீரிற் புதிய சவ்வை இட்டபொழுது, அதுவும் வைரஸின் வளர்ச்சியை எதிர்த்து நின்றது. அப்பொருளுக்கு ‘இன்டர்பெரான்’ எனப் பெயரிட்டனர்.

இத்தடையே ஆராய்ச்சிக்குத் துணையும் ஆயிற்று. ரூபெல்லா வைரஸ் குரங்கின் சிறுநீரக அணுக்களில் வளரினும் அவற்றைக் கண்கூடாகச் சிதைப்பதில்லை. 1962-இல் அமெரிக்க மருத்துவர் சிலர், அணுக்களை அழிக்கவல்ல எக்கோ வைரஸைப் பின்னர் விட்டுப் பார்த்தனர். அணுக்கள் அழியாது நின்றமையால், ரூபெல்லா முன்னமே உள்ளிருத்தலை அறிந்தனர்.

எனினும் பகைமையே விதியன்று. மனிதரைப் பற்றும் அடினோ வைரஸ் குரங்கணுக்களில் நன்கு வளராது, எஸ்.வி.40 என்னும் குரங்கு வைரஸ் உடனிருப்பின் செழித்து வளரும்.

இவ்வாராய்ச்சி நம் குழந்தைகளின் வாழ்வையும் தொட்டது. போலியோ சொட்டு மருந்து என்பது வலிகுன்றிய உயிர் வைரஸே. அது மேனாட்டில் அளித்த பயனை நம் நாட்டில் அளிக்கவில்லை. குடலில் முன்னமே குடிகொண்ட பிற வைரஸ்களின் தடையே காரணமோ என்னும் ஐயம் எழுந்தது. நம் தருமபுரிக்கு வடகிழக்கேயுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், உடனுழைப்பாருடன் குழந்தைகளையே ஆராய்ந்து, அத்தடை காணப்படவில்லை என 1972-இல் வெளியிட்டார். மருந்தைப் பன்முறை கொடுத்தலே வழியென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆனால் மருந்தினுள்ளேயே ஒரு தடை இருந்தது. அதன் மூவகை வைரஸ்களுள் இரண்டாம் வகை ஏனையவற்றின் வளர்ச்சியைக் குறைத்தது. ஆகவே 2005 முதல் ஒருவகை வைரஸ் மட்டும் கொண்ட மருந்தும், 2010 முதல் இருவகை கொண்டதும் நம் நாட்டில் வழங்கப்பட்டன. 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டதே இந்தியாவில் இயற்கைப் போலியோவின் இறுதி நிகழ்ச்சி. 2014 மார்ச்சில் அந்நோய் ஒழிந்ததெனச் சான்றும் கிடைத்தது.

கலத்திற் கண்ட உண்மை குழந்தையின் குடலுக்கும் பொருந்துமென்று ஆராயாது கொள்ளற்க. பொருந்தாதென்று தள்ளவும் அற்க. இரண்டையும் சோதித்துத் தேறுவதே அறிவியல் பயில்வார் கடன்.