கரிக்கோலும் மிதிவண்டியும்

மிதிவண்டியில் நெடும்பயணம் செல்வோர் நாளொன்றுக்கு எவ்வளவு தொலைவு கடப்பர்? சாலை நன்றாக இருந்து, சுமையும் குறைவாக இருந்தால் 100 கிலோமீட்டருக்கு மேலும் செல்லலாம். மூட்டை முடிச்சுகளுடன் மாதக்கணக்கில் செல்வோர்க்கு 70 கிலோமீட்டரே பெரிது. நம் அடுகோடியிலிருந்து ஓசூர் சாலையில் காலையில் புறப்படும் ஒருவர் 70 கிலோமீட்டர் முடிவில் சூளகிரியைத் தாண்டியிருப்பார். கிருஷ்ணகிரியை எட்டியிருக்க மாட்டார். பேருந்தில் செல்வோர் அத்தொலைவை உறங்கியே கழித்துவிடுவர். மிதிவண்டியில் செல்பவரோ அத்திப்பள்ளியில் தேநீருக்காக நிற்க வேண்டும்; ஓசூரில் சக்கரத்திற்குக் காற்றடிக்க வேண்டும்; வெயில் ஏறினால் யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்க வேண்டும்; இருட்டும் முன் தங்குமிடம் கேட்க வேண்டும். வேகம் குறையக் குறைய, வழியிலுள்ள மனிதர்களின் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இந்தியர் இவ்வகைப் பயணங்களை நூறாண்டுகளுக்கு முன்பே மேற்கொண்டனர். 1923 அக்டோபரில் மும்பையிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் மிதிவண்டிகளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பம்கரா என்னும் மூவர் மட்டுமே ஏறத்தாழ 44,000 மைல் பயணத்தை முடித்து 1928இல் திரும்பினர். அவர்கள் எழுதிய நூலுக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை வழங்கினார். அது வீரப் பயணம், ஐயமில்லை. ஆயினும் வழியில் கண்ட மனிதர்களைப் பற்றி எண்ணும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் வேறொருவர்.

அவர் பெயர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா. ஒடிசாவில் ஆத்மல்லிக்கை அடுத்த சிற்றூரில், தலித் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் ஏனைய மாணவர்களுடன் அமர அவருக்கு இடமளிக்கப்படவில்லை. வகுப்பறைக்கு வெளியே இருந்தபடி பாடம் கேட்டார். (இந்தச் செய்தியை ஆசிரியர் எவரும் எளிதில் கடந்து செல்ல இயலாது.) ஓவியம் வரைவதில் தேர்ந்த அவர், தில்லிக்குச் சென்று ஓவியக் கல்லூரியில் பயின்றார். கையில் பணமில்லாத அந்நாள்களில் கன்னாட் பிளேசில் அமர்ந்து, பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடத்தில் எதிரிலிருப்பவரின் உருவத்தை வரைந்து கொடுத்தார்.

அவ்வாறு வரையச் சொல்லி 1975 டிசம்பரில் அவர்முன் வந்து அமர்ந்தவர் சார்லட் வான் ஷெட்வின் என்னும் சுவீடன் நாட்டு மாணவி. நண்பர்களுடன் வேனில் 22 நாள் தரைவழியே பயணம் செய்து இந்தியா வந்தவர். இருவரும் வாழ்க்கைத்துணையாவதென முடிவு செய்தனர். சார்லட் தம் நாடு திரும்பினார். விமானச் சீட்டுக்கு வழியில்லாத மகாநந்தியா தம் உடைமைகளை விற்றார். 60 ரூபாய்க்குப் பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கினார். 1977 ஜனவரி 22 அன்று, சார்லட் வந்த திசையை நோக்கித் தில்லியிலிருந்து புறப்பட்டார்.

ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என நீண்ட அவ்வழியில் அவர் உண்டதும் உறங்கியதும் எவ்வாறு? விடை எளியது. அவர் மனிதர்களை வரைந்தார். சிலர் பணம் தந்தனர், சிலர் உணவளித்தனர், சிலர் இரவில் தங்க இடமளித்தனர். ஆப்கானிஸ்தானில் பலருக்கு இந்தி புரிந்தது. ஈரானுக்குள் நுழைந்தபின் மொழி கைகொடுக்கவில்லை, கரிக்கோல் கைகொடுத்தது.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். உருவம் வரைவதற்கு இருவர் எதிரெதிரே அமர வேண்டும். பத்து நிமிடம் ஒருவர் முகத்தை மற்றவர் உற்று நோக்க வேண்டும். முடிவில், அயலான் ஒருவனின் கண்ணுக்குத் தம் முகம் எப்படித் தோன்றியது என்பதை வீட்டுக்காரர் தாளில் காண்கிறார். அதன்பின் அவன் அயலானாக நீடிப்பது கடினம். இதைக் கூலி என்றோ இரத்தல் என்றோ கூறுவது பொருந்தாது என்பது என் கருத்து. சொந்த ஊரில் உடன் அமரத் தகாதவர் எனத் தள்ளப்பட்டவரை, சாதியையும் ஊரையும் அறியாத மனிதர்கள் தம் வீட்டிற்குள் அழைத்து உணவளித்தனர்.

தமிழ் பயிலும் உங்களுக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் பாதி நூல்கள் ஆற்றுப்படைகளே. கலையையே வாழ்வாகக் கொண்ட பாணரும் கூத்தரும் பொருநரும் வறுமையோடு வழிநடப்பர். வள்ளலிடம் பரிசில் பெற்று மீண்ட கலைஞர், எதிர்ப்படும் கலைஞருக்கு வழி கூறுவார். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஊரை அடையும் முன்னரே பாணர்க்கு உணவு கிடைத்துவிடுகிறது. எயிற்பட்டினத்தில் பரதவரும், வேலூரில் எயினரும், ஆமூரில் உழவரும் தத்தம் நிலத்து உணவை அளிக்கின்றனர். வள்ளலின் கொடையை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். இவ்வெளியோரின் உணவை மறந்துவிடுகிறோம். விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். முன்பின் அறியாது புதிதாக வந்தவரே விருந்தினர். உறவினர் வந்தால் விருந்து என்பது பிற்கால வழக்கு.

மகாநந்தியா நாளொன்றுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் சென்றார். கால்கள் வலித்த நாள்கள் பல என்று அவரே கூறியுள்ளார். சுவீடன் வரை மிதிவண்டியிலேயே சென்றார் எனச் சிலர் எழுதுவது முழு உண்மையன்று. இஸ்தான்புல், வியன்னா வழியாக ஐரோப்பாவை அடைந்தபின், இறுதிப் பகுதியைத் தொடர்வண்டியில் கடந்தே கோத்தன்பர்க் சேர்ந்தார். இதனால் அவர் பயணம் சிறுத்துவிடவில்லை. பின்னர்ச் சார்லட்டை மணந்து சுவீடனிலேயே தங்கி, ஓவிய ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றினார்.

அவர் சென்ற வழி நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1978 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் ஆட்சி கவிழ்ந்தது. 1979இல் ஈரானில் புரட்சி நிகழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இளைஞர்கள் தரைவழியே வந்துபோன காலம் அத்துடன் முடிந்தது. அவரை வரையச் சொல்லி உணவளித்த வீடுகளுள் எத்தனை அதன்பின் நிலைத்தன என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.